மேட்டு லயத்துக்கே முதல் முறை

வாசகர் கேள்வி – பதில்

ஜனவரி, பிப்ரவரி வெயிலில் மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்துப் பகாவ் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலும் தாமான் என்னும் வீடமைப்புப் பகுதிகளிலும் குழாய் மெலிந்துவிடுகிறது. அதனால் இந்த முறை தண்ணீர்க் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டோம். குழாய் வேலையும் கிராமக் குடிநீர்த் திட்டங்களும் தெரிந்தவர்கள் பதில் எழுதியிருக்கிறார்கள்.

எங்கள் பழைய தோட்டக் குடியிருப்பில் 38 வீடுகள், மொத்தம் 165 பேர். மேட்டில் 5,000 கேலன் சிமெண்டுத் தொட்டி இருக்கிறது. வறட்சியில் அது நாளைக்கு ஒரு தடவைதான் நிறைகிறது. திறந்துவிட்டால் கீழ் லயத்தில் (வரிசை வீடுகளில்) வாளி வழிந்து ஓடுகிறது, மேட்டு லயத்தில் குழாய் காற்றுதான் ஊதுகிறது. தினமும் வாய்ச்சண்டை. எப்படிப் பிரிப்பது?
— குடியிருப்பாளர் சங்கச் செயலாளர், பகாவ்

முறை வைப்பதற்கு முன்னால் தொட்டியையும் குழாயையும் சோதித்துவிடுங்கள். ஒழுகும் தண்ணீரைப் பங்கு போட முடியாது. இரவு பத்து மணிக்குத் தொட்டிக்கு வரும் குழாயையும் வெளிவால்வையும் இறுக மூடி, நீர்மட்டத்தைக் குச்சியால் அளந்து குறித்துவையுங்கள். காலை நான்கு மணிக்கு மறுபடி அளந்தால், குறைந்திருப்பது தொட்டியின் ஒழுக்கு. மறுநாள் இரவு வெளிவால்வை மட்டும் திறந்து வைத்து, எல்லா வீட்டுக் குழாய்களையும் மூடச் சொல்லி, அதே ஆறு மணி நேரம் பாருங்கள். முதல் இரவைவிட எவ்வளவு கூடுதலாகக் குறைகிறதோ அது குழாயின் ஒழுக்கு. தொட்டியின் உட்பகுதி 4 மீட்டருக்கு 3 மீட்டர் என்றால் ஒவ்வொரு சென்டிமீட்டரும் 120 லிட்டர். ஆறு மணி நேரத்தில் 10 சென்டிமீட்டர் இறங்கினால் 1,200 லிட்டர் மண்ணுக்குள் போயிற்று. அது இரண்டு வீட்டுப் பங்குக்கும் அதிகம்.

இனிக் கணக்கு. 5,000 கேலன் என்பது ஏறக்குறைய 22,700 லிட்டர். 2,700 லிட்டரை நோயாளி வீடு, துக்க வீடு, தீ இவற்றுக்காக ஒதுக்கிவிட்டால் 20,000 லிட்டர் மிஞ்சும். இதை வீட்டுக்கு வீடு சமமாகப் பிரித்தால் எட்டுப் பேர் உள்ள குடும்பம் கத்தும். தலைக்குத் தலை பிரித்தால் தனியாக இருக்கும் பாட்டி கஷ்டப்படுவார், ஏனென்றால் சமையல், கழிவறை, வீடு கழுவுதல் ஆகியவற்றில் ஒரு பகுதி ஆள் எண்ணிக்கையைப் பார்ப்பதில்லை. எங்கள் யோசனை இரண்டையும் கலப்பது. வீட்டுக்கு 200 லிட்டர் அடிப்படை என்றால் 38 வீட்டுக்கு 7,600 லிட்டர். மீதி 12,400 லிட்டரை 165 பேருக்குப் பிரித்தால் தலைக்கு 75 லிட்டர். தனி ஆளுக்கு 275, எட்டுப் பேர் வீட்டுக்கு 800. இந்தக் கணக்கைப் பெரிய தாளில் எழுதிக் கோயில் சுவரில் ஒட்டுங்கள். யாரும் கண்ணால் பார்க்காத கணக்கை யாரும் நம்பமாட்டார்கள்.

கீழ் லயத்தில் ஏன் வழிகிறது? தண்ணீர் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் ஏறக்குறைய 1 பார் அழுத்தம் கூடும். தொட்டிக்கு 12 மீட்டர் கீழே இருக்கும் வீட்டுக் குழாயில் 1.2 பார், 3 மீட்டர் மட்டும் கீழே இருக்கும் மேட்டு லயத்தில் 0.3 பார். அழுத்தம் நான்கு மடங்கு என்றால் ஒரே துவாரத்தில் ஓட்டம் இரண்டு மடங்கு. அதோடு கீழே பத்துக் குழாய்கள் திறந்தால் பெரிய பைப்பிலேயே அழுத்தம் விழுந்து, மேட்டில் காற்றுதான் வரும். மேட்டு லயத்துக்காரர்கள் தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறார்களே, அவர்களுக்கு என்ன குறை என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

இதற்கு இரண்டு வேலைகள் சேர்ந்து நடக்க வேண்டும்.

ஒன்று, குடியிருப்பை மேடு, நடு, கீழ் என்று மூன்று வட்டமாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனி வால்வு போடுங்கள். வட்டத்துக்கு 12 அல்லது 13 வீடுகள் வரும். திறக்க, மூட மட்டும் என்றால் கைப்பிடியைக் கால் சுற்று திருப்பும் வால்வு போதும். அதைப் பாதி திறந்து வைத்து ஓட்டத்தைக் குறைக்கும் பழக்கம் வேண்டாம். உள்ளே இருக்கும் வளையம் அரித்துப்போய், பிறகு முழுதாக மூடினாலும் ஒழுகும். முதல் முறை மேட்டு லயத்துக்கு, தொட்டி நிறைந்திருக்கும் நேரத்தில். அடுத்தது நடு. கீழ் லயம் கடைசி, ஏனென்றால் தொட்டி பாதி காலியானாலும் அங்கே அழுத்தம் இருக்கும்.

இரண்டாவது, ஒவ்வொரு வீட்டு இணைப்பிலும் துளையிட்ட தகடு. ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள துருப்பிடிக்காத எஃகுத் தகட்டில் அரை அங்குலப் பைப்புக்குள் உட்காரும் வட்டம் வெட்டி, நடுவில் துளை போட்டு, இணைப்பு நட்டுக்குள் ரப்பர் வாஷரோடு வைப்பது. கீழ் லயத்தில் 3 மி.மீ. துளையில் 1.2 பார் அழுத்தத்துக்கு மணிக்கு ஏறக்குறைய 245 லிட்டர் வரும். மேட்டு லயத்தில் 0.3 பாருக்கு 4 மி.மீ. துளை போட்டால் 215 லிட்டர். கிட்டத்தட்டச் சமம். இரண்டேகால் மணி நேரம் திறந்தால் வீட்டுக்கு 500 லிட்டர் அளவுக்கு வரும். கீழ் லயத்தில் ஆள் அதிகமுள்ள வீட்டுக்கு 3.5 மி.மீ. போட்டால் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் கூடும். தனி ஆள் வீட்டுக்கு 2.5 மி.மீ. போட்டால் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறையும். கணக்கோடு நின்றுவிடாமல், தகடு போட்டதும் 10 லிட்டர் வாளியை வைத்து எத்தனை விநாடியில் நிறைகிறது என்று ஒவ்வொரு வீட்டிலும் பாருங்கள். மணிக்கு 240 லிட்டர் என்றால் வாளி 150 விநாடியில் நிறைய வேண்டும்.

வரக்கூடிய கோளாறுகள்: மண் துகள் துளையை அடைக்கும், அதனால் தகட்டுக்கு முன்னால் சல்லடை வேண்டும், அதை வாரம் ஒருமுறை கழுவ வேண்டும். யாராவது இரவில் நட்டைக் கழற்றித் தகட்டை எடுத்துவிடுவார்கள், அதனால் நட்டில் கம்பி கட்டி ஈய முத்திரை வையுங்கள். வீட்டில் இருக்கும் பிளாஸ்டிக் தொட்டிக்கு மிதவை வால்வு இல்லாவிட்டால் முறை முடிவதற்குள் வழிந்து சாக்கடைக்குப் போகும். 150 கேலன் தொட்டி 680 லிட்டர் பிடிக்கும். பெரும்பாலான வீட்டுக்கு அது போதும்.

சாவி யார் கையில் என்பதுதான் மிச்சமிருக்கும் கேள்வி. தமிழ்நாட்டு ஏரிப் பாசனத்தில் மடையைத் திறந்து வயலுக்கு வயல் தண்ணீர் பிரித்துவிட நீர்க்கட்டி என்று ஒருவர் இருந்தார். அறுவடையில் அவருக்கு நெல் கூலி. உங்கள் குடியிருப்பிலும் ஒருவருக்கு மாதச் சம்பளம் கொடுத்து அந்த வேலையைக் கொடுங்கள். சங்கத் தலைவரிடம் சாவி வேண்டாம், தொட்டிக்கு முதல் வீட்டுக்காரரிடம் வேண்டவே வேண்டாம். திறந்த நேரம், மூடிய நேரம், தொட்டியின் மட்டம் மூன்றையும் ஒரு கணக்குப் புத்தகத்தில் எழுத வேண்டும், அதை யார் கேட்டாலும் காட்ட வேண்டும். முத்திரையை உடைத்தவருக்கு முதல் முறை நேரில் சொல்வது, இரண்டாவது முறை அபராதம், மூன்றாவது முறை ஒரு வாரம் தகட்டுத் துளையைச் சிறியதாக்குவது. தண்ணீரை முழுக்க நிறுத்துவது மட்டும் கூடாது. அந்த வீட்டிலும் குழந்தை இருக்கும்.

மலேசியாவில் மழைக்கா பஞ்சம்? எங்கள் பக்கம் மட்டும் ஏன் இப்படிக் காய்கிறது?
— வாசகி, பத்து கிக்கீர்

ஜெலுபு, கோலப்பிலா, ஜெம்போல் வட்டாரம் தீபகற்பத்தில் மழை குறைந்த பகுதிகளில் ஒன்று. மேற்கே தித்திவங்சா மலைத்தொடர் தென்மேற்குக் காற்றின் ஈரத்தை வாங்கிக்கொள்கிறது. வடகிழக்குப் பருவமழை கிழக்குக் கரையிலேயே பெரும்பகுதியைக் கொட்டிவிடுகிறது. இரண்டுக்கும் நடுவில் நாம்.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பகாவ் பக்கம் ஆறுகள் பிரியும் மேடு. ஜெம்போல் ஆறு மூவார் ஆற்றோடு சேர்ந்து மலாக்கா நீரிணைக்குப் போகிறது. கொஞ்ச தூரத்தில் இருக்கும் செர்த்திங் ஆறு பகாங் ஆற்றுக்குப் போய்த் தென்சீனக் கடலில் கலக்கிறது. இரண்டுக்கும் நடுவே படகைத் தரையில் இழுத்துச் சென்ற பெனாரிக்கான் பாதை அந்தக் காலத்தில் புகழ்பெற்றது. வணிகருக்கு வசதியாக இருந்த அந்த மேடு நமக்கு வசதியில்லை. நீர்ப்பிரிமேட்டில் ஓடைகள் சின்னதாகத்தான் இருக்கும், மழை நின்றால் முதலில் வற்றுவதும் அவைதான்.

மழை அதிகமுள்ள நாட்டிலும் தேக்கி வைக்கும் இடம் சிறியதாக இருந்தால் வறட்சி வரும். 1991-இல் மலாக்காவில் டுரியான் துங்கால் அணை வற்றி ஊரே தவித்தது. 1998-இல் கிள்ளான் பள்ளத்தாக்கில் தண்ணீர்ப் பங்கீடு நடந்தது. பெர்லிஸ் சுப்பிங்கில் 40.1 டிகிரி செல்சியஸ் பதிவானதும் அதே 1998, ஏப்ரல் 9-ஆம் தேதி.

பன்னிரண்டு வீட்டுக்கு ஒரே கிணறு. ஐந்தடி விட்டமுள்ள சிமெண்டு வளையம். காலையில் பம்பு போட்டால் இருபது நிமிடத்தில் வற்றிவிடுகிறது. இன்னும் ஆழமாகத் தோண்டலாமா?
— வாசகர், ரொம்பின், ஜெம்போல்

தோண்டும் செலவுக்கு முன்னால் ஊற்றை அளந்து பாருங்கள். நாடாவின் நுனியில் ஒரு கனத்தைக் கட்டி நீர்மட்டத்தைக் குறித்து, பம்பு போட்டு ஒன்றரை மீட்டர் இறக்குங்கள். பம்பை நிறுத்தி ஒரு மணி நேரம் கழித்து எத்தனை சென்டிமீட்டர் ஏறியிருக்கிறது என்று பாருங்கள். ஐந்தடி வளையத்தில் ஒரு சென்டிமீட்டர் 18 லிட்டர். 12 சென்டிமீட்டர் ஏறினால் மணிக்கு 216 லிட்டர். நாள் முழுதும் அதே வேகம் என்று வைத்தால் 5,200 லிட்டர் வரும், ஆனால் அப்படி வராது. மட்டம் பழைய இடத்தை நெருங்க நெருங்க ஊற்றின் வேகம் குறைந்து, நிறைந்த கிணற்றில் நின்றேவிடும்.

இதில்தான் உங்களுக்கு வழி இருக்கிறது. காலையில் ஒரே தடவை வற்ற இறைத்தால், கிணறு மத்தியானத்துக்குள் ஓரளவு ஏறி, பிறகு சோம்பிக் கிடக்கும். அதையே நான்கு தடவையாக, ஒவ்வொரு தடவையும் அரை மீட்டர், முக்கால் மீட்டர் என்று இறைத்து மேலே ஒரு தொட்டியில் சேர்த்தால், நாளின் மொத்தத் தண்ணீர் கணிசமாகக் கூடும். இரவுப் பத்து மணி, விடியல் நான்கு மணிகளையும் முறையில் சேருங்கள். பம்புக்கு நேரக்கட்டுப்பாட்டுப் பெட்டி வைத்தால் யாரும் விழித்திருக்க வேண்டாம். அளந்து வந்த நாள் கணக்கில் முக்கால் பங்கை, அதாவது 3,900 லிட்டரை, மட்டும் பன்னிரண்டு வீட்டுக்குப் பிரியுங்கள். வீட்டுக்கு 325 லிட்டர். கால் பங்கு கிணற்றுக்கே. வற்ற வற்ற இறைத்தால் பக்க மண் சரிந்து உள்ளே வந்து ஊற்றுக்கண்ணை அடைக்கும், வளையத்தின் அடியும் தொங்கிவிடும். பம்பின் அடி வால்வுக்கு மேல் இரண்டடித் தண்ணீர் எப்போதும் நிற்கட்டும்.

தரைமேல் பம்பு ஆறு, ஏழு மீட்டர் ஆழத்துக்கு மேல் இழுக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். வறட்சியில் மட்டம் இறங்கி அந்த எல்லையைத் தாண்டும்போது, தண்ணீர் இருந்தும் பம்பு வெறும் சத்தம் போடும். பலர் கிணறு வற்றிவிட்டது என்று நினைப்பது அப்போதுதான். பம்பைக் கீழே இறக்கித் தட்டு போட்டு வைப்பதோ நீர்மூழ்கிப் பம்புக்கு மாறுவதோ தோண்டுவதைவிட மலிவு. ஆனால் உள்ளே இறங்கும் ஆளுக்கு இடுப்பில் கயிறும் மேலே இரண்டு ஆளும் இல்லாமல் இறக்காதீர்கள். பெட்ரோல் எஞ்சின் பம்பைக் கிணற்றுக்குள் ஓட்டவே கூடாது. அதன் புகை ஆளைக் கொல்லும்.

தோண்டுவதானால் வறட்சியின் உச்சத்தில் தோண்டுங்கள். மழைக்காலத்தில் தோண்டிய கிணறு எல்லாமே நல்ல கிணறுதான்.

அதே கிணற்றுத் தண்ணீரைக் குழந்தைக்குப் பால் கலக்கக் காய்ச்சிக் கொடுக்கலாமா? சுற்றிலும் செம்பனை. உரம் போடுகிறார்கள்.
— இளந்தாய், ரொம்பின்

ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு வேண்டாம். காய்ச்சினால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு லிட்டருக்கு 50 மில்லிகிராம். அதற்கு மேல் போனால் புட்டிப்பால் குடிக்கும் சிசுவின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் உதடும் நகமும் நீலம் பாயும். மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் கேட்டுச் சோதித்த பிறகு முடிவெடுங்கள். அதுவரை குழந்தைக்குப் போத்தல் தண்ணீர் அல்லது பொதுக்குழாய்த் தண்ணீர்.

கழிவறைக் குழி கிணற்றிலிருந்து 30 மீட்டராவது தள்ளி, கிணற்றைவிடத் தாழ்வான பக்கம் இருக்க வேண்டும். மருந்தடிக்கும் தோம்பைக் கிணற்றடியில் கழுவுவதை நிறுத்தச் சொல்லுங்கள். பாராகுவாட் 2020 ஜனவரி முதல் நாட்டில் தடை, ஆனாலும் களைக்கொல்லி எதுவாக இருந்தாலும் கிணற்றடி அதற்கு இடமில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் பொதுக்குழாயிலேயே பம்பு மாட்டி இழுக்கிறார். கேட்டால் “என் மீட்டர், என் காசு” என்கிறார்.
— வாசகர், பகாவ்

காசு அவருடையதுதான், அழுத்தம் தெரு முழுவதற்கும் சொந்தம். பொதுக்குழாயில் நேரடியாகப் பம்பு மாட்ட அனுமதி கிடையாது. அவர் இழுக்கும்போது பைப்பில் அழுத்தம் பூஜ்யத்துக்குக் கீழே போகலாம். அப்போது எங்கெல்லாம் விரிசல் இருக்கிறதோ அங்கெல்லாம் சாக்கடை நீர் உள்ளே உறிஞ்சப்படும். அதை முதலில் குடிப்பது அவர் வீடுதான் என்று சொல்லிப் பாருங்கள், சட்டத்தைவிட இது வேலை செய்யும்.

முறையான வழி: தரையில் 100 அல்லது 150 கேலன் தொட்டி, மிதவை வால்வோடு. பொதுக்குழாய் தன் வேகத்தில் அதை நிரப்பட்டும், பம்பு தொட்டியிலிருந்து கூரைத் தொட்டிக்கு ஏற்றட்டும். கீழ்த்தொட்டியில் மட்டம் இறங்கினால் பம்பை நிறுத்தும் மிதவை சுவிட்ச் இல்லாவிட்டால் வறண்டு ஓடிப் பம்பு எரிந்துபோகும். இதற்கும் சம்மதிக்காவிட்டால் மாநிலத் தண்ணீர் நிறுவனமான ஷரிக்காட் ஆயர் நெகிரி செம்பிலானில் புகார் கொடுங்கள், அங்கே நடவடிக்கை இல்லையென்றால் தேசிய நீர்ச்சேவை ஆணையமான ஸ்பான்.

24 வீட்டுக்கும் தோட்டத்தின் ஒரே பெரிய மீட்டர். வீட்டுக்கு வீடு சின்ன மீட்டர் போட்டோம். பெரிய மீட்டர் 620 கன மீட்டர் காட்டுகிறது, சின்ன மீட்டர்களைக் கூட்டினால் 505. மிச்சத்தை யார் கட்டுவது?
— கணக்குப் பார்ப்பவர், கிம்மாஸ் சாலைத் தோட்டம்

115 கன மீட்டர் வித்தியாசம். முதலில் எல்லா மீட்டரையும் ஒரே நாளில், ஒரே மணி நேரத்துக்குள் படித்தீர்களா? பெரியதை ஒன்றாம் தேதியும் சின்னதை நான்காம் தேதியும் படித்தால் பாதி வித்தியாசம் அங்கேயே பிறக்கும்.

சரியாகத்தான் படித்தீர்கள் என்றால் இரவு இரண்டு மணியிலிருந்து நான்கு மணிவரை பெரிய மீட்டரைப் பாருங்கள். அந்த இரண்டு மணி நேரத்துக்கு வீட்டுத் தொட்டிகளின் நுழைவு வால்வுகள் மூடியிருக்க வேண்டும். 115 கன மீட்டரை மாதத்துக்குப் பிரித்தால் மணிக்கு 160 லிட்டர். எனவே இரண்டு மணி நேரத்தில் 320 லிட்டர் ஓடியிருந்தால் முழு வித்தியாசமும் மண்ணுக்குள் ஒழுகுகிறது. 100 லிட்டர்தான் ஓடியது என்றால் ஒழுக்கு மாதம் 36 கன மீட்டர். மீதி 79-க்கு வேறு காரணம் தேட வேண்டும். மீட்டர் இல்லாத இணைப்பு எங்காவது இருக்கலாம், கோயில் குழாய், பாலர் பள்ளி, மாட்டுக் கொட்டகை என்று. இன்னொன்று, மிதவை வால்வு நூல் போல ஒழுகித் தொட்டியை நிரப்பும்போது சின்ன மீட்டர் அதை எண்ணாது. முள் அசையும் அளவுக்கு ஓட்டம் இருக்காது. மிதவை வாஷரை மாற்றினால் இந்த நஷ்டம் குறையும்.

பணத்தைப் பிரிக்க இரண்டு வழி. பயன்பாட்டுக்கு ஏற்ப என்றால் ஒவ்வொருவர் கணக்கையும் 1.228 ஆல் பெருக்க வேண்டும். சமமாக என்றால் வீட்டுக்கு 4.8 கன மீட்டர். ஒழுக்கு யார் பயன்பாட்டாலும் வருவதில்லை, எனவே சமமாகப் பிரிப்பதே நியாயம் என்பது எங்கள் கருத்து. குறைவாகச் செலவழிக்கும் வீடுகள் முணுமுணுக்கும்தான். அந்த முணுமுணுப்பால்தான் பைப்பு பழுது பார்க்கப்படும்.

வீட்டுக்கட்டணம் படிப்படியாக ஏறும் விகிதம் என்பதால், 24 வீட்டுச் செலவும் ஒரே கணக்கில் விழும்போது மேல்படி விலைக்குப் போய்விடலாம். நில உரிமையாளரின் சம்மதக் கடிதத்தோடு தனித்தனிக் கணக்குக்கு விண்ணப்பிப்பதே நிரந்தர வழி.

தோட்டத்தில் வேலை செய்கிறோம். தண்ணீர் கொடுப்பது நிர்வாகத்தின் கடமையா, தயவா?
— தொழிலாளி, ஜெம்போல்

கடமை. 1990-ஆம் ஆண்டின் 446-ஆவது சட்டம், தொழிலாளர் வீட்டுவசதி குறைந்தபட்சத் தரச் சட்டம், முதலாளி தரும் வீட்டில் போதுமான குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தரவேண்டும் என்கிறது. புகார் செய்யும் இடம் தொழிலாளர் இலாகா. எத்தனை நாள் வரவில்லை, எத்தனை மணி நேரம், எத்தனை வீடு என்று தேதியோடு எழுதிக்கொண்டு போங்கள். வேலையை விட்ட பிறகும் பழைய வீட்டிலேயே தங்கியிருப்பவர்களுக்கு இந்தச் சட்டத்தின் பாதுகாப்பு அப்படியே கிடைக்காது. அவர்கள் தனி மீட்டருக்கு முயல்வதே நல்லது.

ஓடையின் மேல்பக்கம் நான்கு பேர் காய்கறி போடுகிறோம், கீழே இரண்டு பேர் இருபது மாடு வைத்திருக்கிறார்கள். பிப்ரவரியில் ஓடை நூலாகிவிடும். அவர்களுக்குத் தண்ணீர் போகவில்லை என்று தகராறு.
— காய்கறித் தோட்டக்காரர், செர்த்திங்

மாடு குடிக்கும் அளவைக் கணக்குப் போட்டால் தகராறு பாதி தணியும். ஒரு மாட்டுக்கு நாளைக்கு 50 லிட்டர் என்று வைத்தால் இருபதுக்கு 1,000 லிட்டர். நீங்கள் நான்கு பேரும் சேர்ந்து அரை ஏக்கர் காய்கறி போடுகிறீர்கள் என்று வைத்து, வெயில் நாளில் சதுர மீட்டருக்கு 5 லிட்டர் என்றால் 10,000 லிட்டர். அவர்கள் கேட்பது உங்களுடையதில் பத்தில் ஒரு பங்கு.

ஓடையில் எவ்வளவு வருகிறது என்று அளக்க, பலகையில் 90 டிகிரிக்கு ‘வி’ வடிவ வெட்டு வெட்டி ஓடைக்குக் குறுக்கே நிறுத்துங்கள். பக்கங்களிலும் அடியிலும் களிமண் அடைத்து, எல்லாத் தண்ணீரும் வெட்டு வழியாகவே, கீழ்ப்பக்கம் தாராளமாக விழும்படி செய்யுங்கள். பலகைக்கு ஒரு மீட்டர் மேல்பக்கம், வெட்டின் அடிமுனையிலிருந்து நீர்மட்டம் எவ்வளவு உயரம் என்று அளக்க வேண்டும். 5 சென்டிமீட்டர் என்றால் விநாடிக்கு 0.77 லிட்டர், நாளைக்கு ஏறக்குறைய 66,000 லிட்டர். 10 சென்டிமீட்டர் என்றால் இரண்டு மடங்கு அல்ல, ஐந்தரை மடங்கு, விநாடிக்கு 4.4 லிட்டர். வெட்டின் விளிம்பிலேயே அளந்தால் தண்ணீர் வளைந்து விழுவதால் குறைவாகக் காட்டும்.

பெரும்பாலும் தெரியவருவது என்னவென்றால், தண்ணீர் எல்லோருக்கும் போதும். பகல் பத்து மணிக்கு நான்கு பம்பும் ஒரே நேரத்தில் ஓடுவதால்தான் கீழே வற்றுகிறது. இரவில் ஓடுவது யாருக்கும் பயன்படாமல் போகிறது. ஆளுக்கு ஒரு 600 கேலன் தொட்டி வைத்து இரவில் நிரப்பி, காலை ஏழு மணிக்கு முன் பாய்ச்சுங்கள். அப்போதும் பற்றவில்லை என்றால் பிரிப்பான் கட்டலாம்: ஒரே மட்டமான சிமெண்டு விளிம்பு, அதன் நடுவில் ஒரு தடுப்பு, அகலம் 9-க்கு 1. ஓடை கூடினாலும் குறைந்தாலும் பங்கு மாறாது, யாரும் பக்கத்தில் நிற்கவும் வேண்டாம். விளிம்பு மட்டம் ஒரு பக்கம் அரை அங்குலம் சாய்ந்தாலும் வறட்சியில் முழுத்தண்ணீரும் அந்தப் பக்கமே போகும், எனவே நீர்மட்டக் குழாய் வைத்துப் பாருங்கள். ஓடைக்குக் குறுக்கே நிரந்தரமாக எதையும் கட்டுமுன் மாவட்ட அலுவலகத்திலும் வடிகால் நீர்ப்பாசன இலாகாவிலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மாட்டுக்காரர்களிடம் நீங்கள் ஒன்று கேட்கலாம். மாட்டை ஓடைக்குள் இறக்காமல், கரையிலிருந்து தள்ளித் தொட்டி வைத்துக் குடிக்க விடுவது. அவர்களுக்கும் கீழே ஆள் இருக்கிறார்களே.

தோம்பில் (பீப்பாயில்) சேமித்த தண்ணீரில் எவ்வளவு ப்ளீச் ஊற்றுவது? கொசுப் புழுவுக்கு என்ன செய்வது?
— குடும்பத்தலைவி, பகாவ்

5 சதவீத ப்ளீச், மணம் சேர்க்காதது: 1,000 லிட்டர் தெளிந்த தண்ணீருக்கு 40 மில்லி. 200 லிட்டர் தோம்புக்கு 8 மில்லி, அதாவது ஒன்றரைத் தேக்கரண்டி. கலக்கி அரை மணி நேரம் விட்டால் லேசான கிளோரின் வாடை இருக்க வேண்டும். வாடையே இல்லை என்றால் அதே அளவு இன்னொரு தடவை. கலங்கல் தண்ணீரைத் துணியில் வடிகட்டி, தெளிய விட்ட பிறகே ஊற்றுங்கள், சேறு ப்ளீச்சைத் தின்றுவிடும். வெயிலில் கிடந்த பழைய ப்ளீச்சுக்கும் வீரியம் இருக்காது.

புழுவுக்கு ப்ளீச் மருந்தல்ல. ஒரு சதவீத அபேட் மணல் 10 லிட்டருக்கு ஒரு கிராம், 200 லிட்டர் தோம்புக்கு 20 கிராம். அதைவிட முக்கியம் மூடி. ஏடிஸ் முட்டை தோம்பின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டு காய்ந்தும் சாகாமல் கிடக்கும், எனவே வாரம் ஒருமுறை தோம்பைக் காலி செய்து சுவரை நார் வைத்துத் தேய்க்க வேண்டும். தண்ணீரை மட்டும் மாற்றினால் போதாது.

மூன்று நாள் கழித்துத் தண்ணீர் வந்தால் முதலில் காற்று, பிறகு காப்பி நிறம். மீட்டர் மட்டும் பறக்கிறது.
— வாசகர், பகாவ்

காற்று போகும்போதும் மீட்டர் சுற்றும். காலியான பைப்பில் தண்ணீர் வேகமாக ஓடி, உள்ளே படிந்திருந்த துருவையும் மண்ணையும் கிளப்பிக்கொண்டு வருகிறது. தண்ணீர் நிற்கும் நாளிலேயே கூரைத் தொட்டியின் நுழைவு வால்வை மூடிவையுங்கள், மீட்டருக்கு அடுத்த வால்வையும் முக்கால்வாசி மூடுங்கள். திரும்ப வரும்போது வாசல் குழாயை மட்டும் கால்வாசி திறந்து, காற்று மெதுவாக வெளியேறட்டும். ஒரேயடியாகத் திறந்தால் பைப்பு அதிர்ந்து மூட்டு விடும். கலங்கல் தண்ணீரை வாளியில் பிடித்துச் செடிக்கும் கழிவறைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைக் கிண்ணத்தில் பிடித்துப் பார்த்து அடி தெரிந்த பிறகு கூரைத் தொட்டியைத் திறக்கலாம். துணி துவைப்பதை மறுநாளைக்கு வையுங்கள், இல்லாவிட்டால் பள்ளிச் சட்டையில் துரு ஏறும்.